மோட்டாருக்குப் பவுடர் பூசிய சனிக்கிழமை

"மச்சான், மோட்டார் ஒழுவுது. ஆயில் டப்பா ஒரு வாரம்கூடத் தாங்கல. அந்த மாதிரி ஒழுவுது."

ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம் என் தங்கச்சி வீட்டுக்காரர் போனில் சொன்ன முதல் வார்த்தை இதுதான். அடுத்த நாள் முழுக்க நான் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விக்கு விடை அதிலேயே இருந்தது. எனக்குக் காதில் விழுந்தது, புத்தியில் விழவில்லை. என் கடைக்கு மொபெட் கொண்டுவரும் தயிர்க்கார அம்மா ஒருவர் சொல்வார்: "மெக்கானிக்குகிட்ட சொல்றதும் சாமிகிட்ட சொல்றதும் ஒண்ணு. கேக்குற மாதிரியேதான் மூஞ்ச வச்சிருப்பாங்க." அவர் சொன்னது முழுக்க முழுக்க என்னைத்தான்.

சிதம்பரத்தில் கீழவீதியை ஒட்டிய ஒரு சந்தில் எனக்கு மொபெட் ரிப்பேர் கடை. யாரிடமும் போய் உட்கார்ந்து தொழில் கற்றதில்லை. சொந்த வண்டியைப் பிரித்தேன், மாட்டத் தெரியவில்லை, அழுதுகொண்டே மாட்டினேன், கற்றுக்கொண்டேன். வண்டி தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் பேசுகிற பேச்சைக் கேட்பதற்காகவே இந்தத் தொழிலில் நிலைத்தேன் என்றுகூடச் சொல்லலாம். வண்டி நின்று போனால் மனுஷனுக்கு வருகிற வார்த்தையே தனி. கிழித்த காலண்டர் தாளின் முதுகில் அவற்றை எழுதி, பஞ்சர் பசை டப்பாவுக்குள் போட்டு வைப்பேன்.

தங்கச்சி வாழ்க்கைப்பட்டது பிச்சாவரத்துப் பக்கம் ஓர் உப்பங்கழிக் கிராமத்தில். அவளும் இன்னும் ஏழு பெண்களும் சேர்ந்து சுரபுன்னைக் காட்டுக்குள் போய்க் கையாலேயே இறால் பிடிப்பார்கள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைத் தடவித் தடவி, அகப்பட்டதை வாயில் கவ்விய பறி என்கிற ஓலைக்கூடைக்குள் போடுவார்கள். தண்ணீர் வற்றும் நேரத்துக்குள் அந்த இடத்துக்குப் போய்விட வேண்டும். ஏற்றம் வந்துவிட்டால் கைக்குச் சேறு எட்டாது, அன்றைய பாடு போச்சு. கழி ஊன்றிப் போகிற படகில், பாதி நாள் தண்ணீருக்கும் இவர்களுக்கும் ஓட்டப்பந்தயம் போலத்தான் இருந்தது. "ஒரு பழைய மோட்டார் இருந்தா போதும், தண்ணி வத்தறதுக்கு முன்னாடி நாம போய் நிப்போம்" என்று வீடு வீடாகப் போய்ப் பேசி, எட்டுப் பேரையும் சேர்த்து அதை வாங்க வைத்தவள் என் தங்கச்சி. ஓட்டுவது அவள் வீட்டுக்காரர்.

டூ ஸ்ட்ரோக் மோட்டார். அதாவது பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்தே குடிக்கும். எண்ணெய் இல்லாமல் வெறும் பெட்ரோல் கொடுத்தால் உள்ளே சூடேறி இறுகிப் போகும். போன வருஷம் ஒருநாள் மாப்பிள்ளை மறந்து வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டார். நடுக்காட்டில் மோட்டார் கெட்டியாகி நின்றது. எட்டுப் பெண்களும் சேற்றில் இறங்கிப் படகைத் தள்ளிக்கொண்டு பொழுது சாய வீடு வந்து சேர்ந்தார்கள். அப்போது பிஸ்டனைக் கழற்றி மாற்றியவன் நான்தான். மொபெட்டுக்கும் அதற்கும் உருவத்தில்தான் வித்தியாசம், வயிறு ஒன்றுதான்.

இப்போது ஒழுகல். காட்டுக்குள் அந்த மோட்டார் போன தடத்தில் தண்ணீரின் மேல் ஏழு நிறத்தில் எண்ணெய் மினுங்கியிருக்கிறது. வனக்காவலர் பார்த்துவிட்டார். நல்ல மனுஷர், கத்தவில்லை. "திங்கக்கிழமை காலையில துறைக்கு வருவேன். மோட்டார ஓட விட்டு, பின்னாடி தண்ணியில ஒரு வெள்ளத் துணியப் போட்டு எடுப்பேன். எண்ணெ ஒட்டுச்சுன்னா மோட்டாரக் கழட்டி வச்சுட்டுத்தான் உள்ள போவணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் சொன்னதில் தப்பில்லை. மீன் குஞ்சு வளர்கிற தண்ணீர் அது.

போனை மாப்பிள்ளையிடமிருந்து பிடுங்கித் தங்கச்சி பேசினாள். "அண்ணே, எல்லாரும் என் பேச்ச நம்பித்தான் அத வாங்குனாங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அதுதாண்ணே தாங்கல. திட்டுனாக்கூடப் பரவால்ல."

சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, சாவிப் பெட்டியை மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் இறால் பிடித்துத் திரும்பியிருந்தார்கள். தங்கச்சி வீட்டு வாசலில் ஒரு மரச்சட்டத்தில் மோட்டாரை மாட்டி வைத்திருந்தார் மாப்பிள்ளை. எட்டுப் பேரும் சுற்றி உட்கார்ந்து இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் வேலை செய்வதும் கல்யாண மேடையில் உட்கார்ந்திருப்பதும் ஒன்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு விமர்சனம்.

"டாக்டர் வந்துட்டாரு, எல்லாரும் எழுந்திருங்க" என்றாள் மாப்பிள்ளையின் தங்கை. எனக்கு முறைக்காரி என்பதால் அவளுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "மாமா, நாடி பாப்பீங்களா, நாக்க நீட்டச் சொல்வீங்களா?"

"முதல்ல உன் வாய மூடச் சொல்வேன். அப்பதான் நோயாளி பேசுறது எனக்குக் கேக்கும்."

தண்ணீருக்குள் இறங்கும் மோட்டாரின் காலுக்கடியில் சொட்டியிருந்த எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்தேன். மோட்டாருக்குள் இரண்டு எண்ணெய் உண்டு. அடியில், படகைத் தள்ளும் விசிறியைச் சுற்ற வைக்கிற பல்சக்கரங்கள் ஊறிக் கிடப்பது கியர் ஆயில், கனமாக, அழுகின முட்டை நாற்றத்தோடு இருக்கும். மேலே பெட்ரோலோடு கலந்து எரிவது இன்னொன்று. என் விரலில் இருந்தது கருப்பாக, நீர்த்து இருந்தது. ஆனால் நாற்றத்தோடு கூடவே ஏதோ ஒரு பழகின வாசனை. என்னவென்று பிடிபடவில்லை. முகர்ந்து முகர்ந்து பார்த்தேன்.

"ரசம் கொதிச்சுதான்னு பாக்குறாரு" என்றாள் முறைக்காரி.

சந்தேகம் தீரட்டும் என்று அடியில் இருக்கும் திருகைக் கழற்றினேன். கியர் ஆயில் தேன் மாதிரி இறங்கியது. உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் டீ மாதிரி வெளுத்துப் போயிருக்கும், அப்படி இல்லை. அளவும் குறையவில்லை. விசிறியைக் கழற்றினால், அச்சோடு சேர்த்து நைலான் நரம்பு சுற்றிக் கிடந்தது. இழுக்க இழுக்க இரண்டு முழம் வந்தது. யாரோ அறுத்துவிட்ட வலை.

"ஆங்! புடிச்சுட்டேன்!" என்று மாப்பிள்ளை குதித்தார். "இதான் மச்சான். இது ரப்பர் சீல அறுத்துடும். அதான் ஒழுவுது. நான் அப்பவே நெனச்சேன்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். எண்ணெயை அடைத்து நிற்கும் ரப்பர் வளையம்தான் சீல்; நரம்பு சுற்றி அதை அறுப்பது ஊரறிந்த வியாதி. அவர் போய் ஊருக்கே சொல்லிவிட்டு வந்தார். அதற்குள் நான் சீலைத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். புத்தம் புதுசு போல இருந்தது, ஒரு கீறல் இல்லை. திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வது கஷ்டமாக இருந்தது. வாங்கி வந்திருந்த மிக்சரை அமைதியாக நடுவில் வைத்தார். வெற்றிக்கு வாங்கியது, தோல்விக்கும் ருசியாகத்தான் இருந்தது.

அடுத்தது மேல் பாகம். ஒழுகல் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாதபோது நான் மொபெட்டுக்குச் செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, மேலே பவுடர் தூவிவிட வேண்டும். பிறகு ஓடவிட்டால் எந்த இணைப்பில் எண்ணெய் கசிகிறதோ அங்கே பவுடர் நனைந்து கோடு போடும்.

"தங்கச்சி, மூஞ்சிக்குப் போடுற பவுடர் இருக்கா?"

"எதுக்குண்ணே?"

"மோட்டாருக்கு."

 எழுந்த சிரிப்பில் காயப்போட்ட கருவாட்டிலிருந்து காக்கைகள் பறந்தன. தங்கச்சி மல்லிகை வாசனைப் பவுடரைக் கொண்டுவந்தாள். அது பாதியில் தீர்ந்தது. பக்கத்து வீட்டிலிருந்து சந்தன வாசனை வந்தது. தூவுகிற வேலையை முறைக்காரி எடுத்துக்கொண்டாள். கையில் பஞ்சு வைத்து ஒத்தி ஒத்திப் பூசினாள். "கன்னத்துல கொஞ்சம் கம்மி. ஏண்டி, மாப்ள வீட்டுக்காரங்க எத்தன மணிக்கு வராங்க?" மோட்டாரின் மேல் மூடியில் யாரோ குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார்கள். பாதியில் வெட்டிய நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, காலை அதற்குள் இறக்கி, கயிற்றை இழுத்துக் கிளப்பினேன். மணப்பெண் புகை விட்டாள்.

கால் மணி நேரம் ஓடியது. எட்டுத் தலைகளும் என் தலையும் மாப்பிள்ளை தலையும் குனிந்து பார்த்தன. ஒரு இணைப்பில்கூட ஈரம் இல்லை. பூசிய பவுடர் பூசியபடி. ஆனால் டிரம்மில் பார்த்தால் தண்ணீர் முழுக்க வானவில்!

ஆக, மோட்டாரில் எங்கேயும் ஓட்டை இல்லை. எண்ணெய் வருவது புகை வெளியேறும் வழியாக. விசிறியின் நடுவில்தான் அந்த வழி, தண்ணீருக்கடியில். குடித்த எண்ணெய் எரிந்து தீராமல் அப்படியே வெளியே வருகிறது. பிளக்கைக் கழற்றினேன், கருப்பாகச் சொதசொதவென்று இருந்தது.

"மாப்ள, எண்ணெ எவ்ளோ கலக்குறீங்க?"

"அஞ்சு லிட்டருக்குப் பத்து மூடி மச்சான். டானிக் மூடி. நீங்க சொல்லிக்குடுத்த கணக்குதான். போன வருஷம் பட்ட பாட்டுக்கு அப்புறம் ஒருநாள்கூட மறக்கல. தூங்கும்போது கேட்டாலும் சொல்வேன்."

தங்கச்சியும் தலையாட்டினாள். "வூட்டுப் பின்னாடி வச்சுக் கலக்கி, டேங்கத் தூக்கினு போயி படகுல வச்சுருவாரு."

அவரை அங்கேயே கலக்கச் சொல்லி, ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றினேன். படகு டேங்கில் மிச்சம் இருந்ததை இன்னொரு பாட்டிலில் ஊற்றினேன். இரண்டையும் வெயிலுக்கு நேரே பிடித்தால், அவர் கலக்கியது லேசான நீலம். டேங்கில் இருந்தது நாவல்பழச் சாறு. அதுவும் அடியில் தனியாக ஏதோ மஞ்சளாகத் தேங்கியிருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். அந்தப் பழகின வாசனை! இந்தத் தடவை பிடிபட்டது. சின்ன வயசில் ஆறு மாசத்துக்கு ஒருமுறை மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவார்களே, அதே விளக்கெண்ணெய்.

பெட்ரோல் டேங்கில் விளக்கெண்ணெய்க்கு என்ன வேலை?

பெண்கள் வீட்டுக்குப் போன பிறகு இறால் குழம்பும் சோறுமாக உட்கார்ந்து இதையே யோசித்தேன். இரண்டாவது கவளம் வாயில் இருக்கும்போதுதான் தயிர்க்கார அம்மாவின் சாபம் விலகியது.

"மாப்ள, போன்ல முதல்ல இன்னா சொன்னீங்க?"

"மோட்டார் ஒழுவுதுன்னேன்."

"அதுக்கு அடுத்து?"

"ஆயில் டப்பா ஒரு வாரம் தாங்கலன்னேன்."

"ஒழுவுறது மோட்டார். நீங்க அளந்து பத்து மூடிதான் ஊத்துறீங்க. டப்பா எப்படி மாப்ள சீக்கிரம் காலியாவும்? டப்பா தனியாத்தான இருக்கு?"

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கலக்கி முடித்ததும் டப்பாவையும் கொண்டுபோய்ப் படகில், கடைசிப் பலகைக்குக் கீழே டேங்குக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாராம், நடுவழியில் வேண்டியிருக்கும் என்று. "அப்ப யாரோ திருடுறாங்க மச்சான்!"

"திருடி, திருப்பி நம்ம டேங்குலயே ஊத்திட்டுப் போறானா? அவ்ளோ நல்லவன் இந்தப் பக்கம் யாரு?"

தங்கச்சி அப்போது குழம்புச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். கிளறுவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை. நான் கவனித்திருக்க வேண்டும். என்னதான் ஊரார் பேச்சைச் சேர்த்து வைத்தாலும் கூடப் பிறந்தவள் பேசாமல் இருப்பதைப் படிக்க எனக்குத் தெரியவில்லை.

அன்று இருட்டுவதற்குள் மோட்டாரைத் திரும்பப் படகில் மாட்டிவிட்டோம், ஒன்றும் நடக்காதது போல. ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் மாப்பிள்ளை டேங்கையும் டப்பாவையும் வைத்துவிட்டு, தினமும் செய்கிறபடியே கழி எடுத்துவரப் போனார். நான் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகுக்குப் பின்னால் டீ டம்ளரோடு உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் வந்தது என் தங்கச்சி. தூக்குவாளியைக் கடைசிப் பலகைக்குக் கீழே வைப்பது போலக் குனிந்தாள். அக்கம் பக்கம் பார்த்தாள். ஆயில் டப்பாவைத் திறந்தாள். டானிக் மூடியில் இல்லை, அதைப்போல ரெண்டு மடங்கு இருக்கும் டப்பா மூடியில் ஒன்று நிறைய ஊற்றி, டேங்கில் கவிழ்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முன்பக்கம் போய்ச் சாதுவாக உட்கார்ந்தாள்.

என் டீ வேட்டியில் கொட்டியது.

அடுத்து முறைக்காரி. பறியைச் சரிசெய்கிற மாதிரி ஒரு மூடி. அடுத்து இன்னொருத்தி, செருப்பைத் தேடுகிற மாதிரி ஒரு மூடி. ஆளாளுக்கு ஒரு சாக்கு, ஆளுக்கு ஒரு மூடி. மற்றவர்கள் கரையில் சேலையை ஏற்றிச் சொருகிக்கொண்டோ, பேசிக்கொண்டோ இருக்கும் சமயம் பார்த்து, அத்தனை நேர்த்தியாக. கடைசியில் மாப்பிள்ளையின் அத்தை வந்தார். எட்டுப் பேரில் மூத்தவர். டப்பாவை அவர் தொடவே இல்லை. மடியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். விளக்கெண்ணெய்! நிதானமாக ஊற்றி, டேங்கைத் தொட்டுக் கும்பிட்டு, மூடியைத் திருகினார்.

கழியோடு மாப்பிள்ளை வரவும் நான் படகுக்குப் பின்னாலிருந்து எழுந்தேன்.

"யாரு யாரு எண்ணெ ஊத்துனது? கையத் தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை. எட்டுப் பேரும் எதிர்க்கரையில் கொக்கு பார்த்தார்கள்.

"எல்லாத்தையும் பாத்துட்டேன்."

முறைக்காரிதான் முதலில் உடைந்தாள். "நான் ஒரு மூடிதான் மாமா. சத்தியமா ஒரே ஒரு மூடி."

"ஏய், நீயுமா? நானும் ஒரு மூடிதாண்டி!"

"நான்தான்டி தினம் ஊத்துறேன், நீங்க எதுக்கு ஊத்துறீங்க?"

"அப்ப நான் இத்தன நாளா ஊத்துனது?"

ஒருத்தி ஊற்றுவது இன்னொருத்திக்குத் தெரியாது. இந்த ஒரு வருஷத்துக்குள் ஒவ்வொருத்தியாக ஆரம்பித்து, எட்டுப் பேரும் தான் ஒருத்திதான் இந்தப் படகைக் காப்பாற்றுகிறோம் என்று நெஞ்சுக்குள் பெருமையாக வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை கலக்குவது வீட்டுப் பின்னால். கலந்தாரா இல்லையா என்று யாரும் பார்த்ததில்லை. கேட்டால் மனுஷன் மனசு நோகும். போன வருஷம் சேற்றில் தள்ளிக்கொண்டு வந்தது கால் மறக்கவில்லை. வாய் கேட்க மாட்டேன் என்கிறது, கை ஊற்றிவிடுகிறது. கணக்குப் போட்டால் மோட்டார் தினமும் குடித்தது இரண்டரை மடங்கு எண்ணெய். காட்டுக்குள் மெதுவாக வேறு ஓட்டுகிறார்கள். அது எரித்துத் தீர்க்க வழியே இல்லை.

மாப்பிள்ளை கழியை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார். "அப்ப என்ன ஒருத்தரும் நம்பலயா?" என்றார். பிறகு தங்கச்சியைப் பார்த்தார். "நீயுமா?"

"நம்பாம இல்லங்க" என்றாள் அவள். "நம்பினேன். ஒரு மூடி ஊத்திட்டு நம்பினேன்."

அதை நான் காலண்டர் தாளில் எழுதவில்லை. எழுதாமலே நிற்கிறது.

அத்தைக்கு மட்டும் இதில் என்ன குற்றம் என்று புரியவில்லை. "இன்னா தம்பி பெரிய கேள்வி கேக்குற? அம்மன் கோயில் விளக்குக்கு ஊரே ஊத்துது. முன்னாடி வந்தவ ஊத்தியிருப்பா, நாம எதுக்குன்னு யாராச்சும் திரும்பி வர்றாங்களா? நம்மளத் தாங்குற பொருளுக்குத் தாகம் தீத்துட்டுத்தான் மேல ஏறணும். அடுத்தவங்க டப்பாவத் தொடக்கூடாதுன்னு நான் எங்க வூட்டுலேர்ந்தே கொண்டாறேன்."

"அத்தை, கோயில் விளக்கு வழிஞ்சா தட்டுல நிக்கும். இது வழிஞ்சா தண்ணிக்குப் போவுது. நாளைக்குத் துணி போட்டுப் பாக்க வராரு."

அத்தை யோசித்தார். அதற்குள் முறைக்காரி சொன்னாள்: "தெனம் காலையில வெறும் வயித்துல விளக்கெண்ணெ குடுத்தா, மோட்டார் இல்ல மாமா, ஆனையே ஒழுவும்!"

அத்தைதான் முதலில் சிரித்தார். பாட்டிலை மடியில் செருகிக்கொண்டு, வாயில் சேலையை வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி. பிறகு எல்லோரும். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் முறைப்பாக நிற்கப் பார்த்தார், முடியவில்லை. கழியே ஆடியது.

சிரிப்பு அடங்கியதும் வேலை நினைவுக்கு வந்தது. மோட்டார் எனக்கு வேண்டும், அதனால் அன்று அவர்கள் கழி ஊன்றித்தான் போனார்கள். நான் பகல் முழுக்கச் சுத்தம் செய்தேன். டேங்கைக் கவிழ்த்துக் கழுவினேன். புகை போகும் வழியில் கரியும் பிசினுமாக அடைத்திருந்ததைச் சுரண்டினேன். விளக்கெண்ணெய் சூட்டில் வெல்லப்பாகு போலப் பிடித்துக்கொண்டிருந்தது. புது பிளக் போட்டேன். அளவாகக் கலந்த பெட்ரோலில் டிரம்மில் ஓடவிட்டேன். முதல் தண்ணீரில் வானவில் வந்தது. மாற்றினேன். இரண்டாவதில் ஓரத்தில் மட்டும். அரிசி களைவது போல மூன்றாவது தண்ணீரும் மாற்றினேன். அதில் வானம்தான் தெரிந்தது. டிரம்மில் தேங்கியதை உப்பங்கழிப் பக்கம் விடாமல் பழைய கேனில் பிடித்து மூடி, கடைக்குக் கொண்டுபோக எடுத்து வைத்தேன்.

பெண்கள் திரும்பி வந்தபோது பறிகள் பாதிகூட நிரம்பவில்லை. அவர்கள் போய்ச் சேர்வதற்குள் ஏற்றம் வந்துவிட்டதாம். யாரும் ஒன்றும் சொல்லாமல் காலைக் கழுவினார்கள். தங்கச்சி சொன்ன அந்தப் பேசாமை இதுதான் என்று தெரிந்துகொண்டேன். காலையில் அவ்வளவு சிரித்த துறை அது.

அவர்கள் போவதற்கு முன்னால் ஒன்று கேட்டேன். "நாளையிலேர்ந்து மாப்ள வூட்டுப் பின்னாடி கலக்க வேணாம். இங்க, துறையில, எல்லார் கண்ணு முன்னாடி கலக்கட்டும். ஆனா வேற யாரும் ஒரு சொட்டு ஊத்தக்கூடாது. முடியுமா?"

 ஊற்றாமல் ஏறுவது அவர்களுக்கு லேசான விஷயம் இல்லை என்று முகத்தில் தெரிந்தது. கடைசியில் தங்கச்சிதான் சொன்னாள்: "அவர் ஊத்த வேணாம். நாங்களே ஊத்துறோம். ஒரு நாளைக்கு ஒருத்தி. பத்து மூடியும் அவதான் ஊத்தணும். மத்தவங்க எண்ணணும்."

"அப்ப எனக்கு இன்னா வேல?" என்றார் மாப்பிள்ளை.

"நீங்களும் எண்ணுங்க."

திங்கள் காலை முதல் முறையை அத்தை கேட்டு வாங்கிக்கொண்டார். டேங்கைப் படகின் நடுவில் வைத்து, அளந்த பெட்ரோலில் டானிக் மூடியால் ஊற்ற, ஏழு பெண்களும் கோயிலில் சாமி பேர் சொல்கிற மாதிரி எண்ணினார்கள். ஒண்ணு. ரெண்டு. ஏழாவது மூடியில் அத்தை நிறுத்தி, "எட்டா?" என்று கேட்க, ஏழு குரலும் "ஏழு!" என்று பாய்ந்தன. பத்தாவது மூடி விழுந்ததும் அத்தையின் கை தன்னையறியாமல் மடிக்குப் போனது. "அத்த!" என்றாள் முறைக்காரி. கை திரும்பி வந்தது.

வனக்காவலர் வந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த வெள்ளைத் துணியை எடுத்தார். மோட்டார் கிளம்பியது. புகை மெல்லிசாக வந்து கரைந்தது. அவர் அவசரப்படவில்லை, ஒரு பீடி நேரம் ஓடட்டும் என்று விட்டார். பிறகு படகின் பின்னால் குனிந்து துணியைத் தண்ணீரின் மேல் விரித்தார். அது மிதந்தது. எடுத்தார்.

துணியின் ஒரு மூலையில் பழுப்பாகக் கறை.

என் தங்கச்சியின் கை என் முழங்கையைப் பிடித்தது. நகம் உள்ளே இறங்கியது. காவலர் அந்த மூலையை விரலில் தேய்த்தார். மூக்குக்குக் கொண்டுபோனார். மறுபடி தேய்த்தார். 

"சேறு" என்றார். துணியை அலசிக் காட்டினார். வெளுத்துவிட்டது. "போயிட்டு வாங்கம்மா. இன்னா பண்ணீங்க இதுக்கு?"

"பேதிய நிறுத்துனோம் சார்" என்றாள் முறைக்காரி.

அவருக்கு விளங்கவில்லை. விளக்கவும் யாருக்கும் நேரமில்லை, தண்ணீர் வற்ற ஆரம்பித்துவிட்டது. பெண்கள் குலவையிட்டுக்கொண்டே ஏறினார்கள். தங்கச்சி என் கையை விட்டுவிட்டு ஓடினாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை, திரும்பிப் பார்த்தபோது முகமெல்லாம் பல்.

படகு வாய்க்காலுக்குள் திரும்பியது. எட்டுப் பேரும் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, மோட்டாருக்குப் பின்னால் விரிகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு போனார்கள். "இல்லடி!" "ஒண்ணும் இல்லடி!" "பாரு, சுத்தமா இருக்கு பாரு!" வேர்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. மாப்பிள்ளையின் குரல் கரை வரைக்கும் கேட்டது:

"யாராச்சும் ஒருத்தர் முன்னாடி பாருங்க தாயே! நீங்க தலைய ஆட்டுறதுல வழி தெரியல, மரத்துல முட்டப் போறோம்!"

ஒருத்தரும் திரும்பவில்லை.